தாலியை நம்பாதவர்கள் தகர வில்லையை நம்பினார்கள்!

"உனக்கும் இவருக்கும் கல்யாணம் நடந்ததற்கு என்ன அத்தாட்சி?"

நமது பாலவனத்தம் பக்கத்தில் ஒரு கூலிக்காரத் தாயிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "என்னய்யா கேள்வி இது? ஊர் கூடி நின்றது, மாமன் சீர் வந்தது, மொய் நோட்டு இன்னும் பெட்டியில் கிடக்கிறது, பெற்ற பிள்ளைகள் கண் முன்னே நிற்கின்றன. இதற்கு மேல் என்ன அத்தாட்சி?" என்று திருப்பிக் கேட்பாள். நியாயமான பதில். ஆனால் புருஷன் பெண்டாட்டி இருவரில் ஒருவர் கடல் கடந்து வந்தவர் என்றால் இந்தப் பதில் எந்த ஆபீசிலும் செல்லாது. காகிதம் கொண்டு வா என்பார்கள். எந்தக் காகிதம் என்பதில்தான் தோழர்களே, சூது இருக்கிறது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குல்லூர்ச்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் உயிர் தப்பிப் படகேறி வந்தவர்களும், அதற்குப் பின் சண்டை மூண்டபோதெல்லாம் வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளை பேரர்களும் அங்கே வாழ்கிறார்கள். சர்க்கார் கணக்குப்படி 2021-ல் தமிழ்நாட்டில் 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே இன்னும் 34 ஆயிரம் பேர். அந்த வருஷம் முகாம்களின் பேரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பேர் மாறியது, நல்லது. சட்டத்தில் அவர்களுடைய நிலை மாறவில்லை.

நாற்பது வருஷம் என்பது சாமானியமா? அதே நூல் மில், அதே பெயிண்டு வேலை, அதே கொத்தனார் சித்தாள் வேலை, அதே அருப்புக்கோட்டை பஸ். பழகினார்கள். பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். உழைக்கிற ஜனங்கள் ஒருவரையொருவர் பாஸ்போர்ட் பார்த்தா சம்பந்தம் பேசுகிறார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண். ஊரும் பேரும் வேண்டாம். பருத்தி எடுக்கப் போகிறவள். புருஷன் பெயிண்டர், 1985-ல் ஐந்து வயதில் தகப்பன் தோளில் உட்கார்ந்து கரை இறங்கியவர். இருபத்துச் சொச்சம் வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டியவருக்குச் சட்டத்தில் பிரஜா உரிமை கேட்க வழியிருக்கிறது என்று யாரோ சொல்ல, இரண்டு நாள் கூலியைத் தொலைத்து இருவரும் ஓர் ஆபீசுக்குப் போனார்கள். எடுத்த எடுப்பில் கேட்டது, "செல்லத்தக்க வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எங்கே?" அந்த மனிதர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பாஸ்போர்ட் இருந்தால் ஏனய்யா படகில் வருகிறேன்?"

அந்த ஆபீஸ் சிப்பந்தியை நான் குறை சொல்லவில்லை. அவர் படிவத்தைப் பார்த்துக் கேட்டார். படிவத்தை எழுதியது யார்? அதற்குப் பின்னால் இருக்கும் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது? அதைத்தான் பேச வேண்டும்.

கண்டிச்சீமைக் கதை

ஏழையின் கல்யாணத்தைக் காகிதம் கேட்டு மடக்குவது நமது கரிசல் சீமைக்குப் புதிதல்ல. தாது வருஷப் பஞ்சம் வந்த 1876-78 காலத்துக்கு முன்னும் பின்னும், மானாவாரி பொய்த்தபோதெல்லாம், ராமநாதபுரம் ஜில்லா ஜனங்கள் கங்காணியின் பின்னால் கண்டிச்சீமைக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் அடைத்து வைத்து, உடம்பைச் சோதித்து, கழுத்தில் ஒரு தகர வில்லையை மாட்டினார்கள். அதில் தோட்டத்தைக் குறிக்கும் எண் இருக்கும். எதற்கு? வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று துரைமார்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி நம் பாட்டனுக்கும் பாட்டிக்கும் கொடுத்த முதல் அடையாள அட்டை அதுதான். பாட்டியின் கழுத்தில் தாலியும் இருந்தது, தகர வில்லையும் இருந்தது. தாலியை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. தகர வில்லையை எழுதினார்கள்.

இடையில் ஒன்று. அந்தக் காலத்தில்தான், 1901-ல், பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். பழைய ஏடுகளைத் தேடிச் சேர்த்தார்கள், அச்சடித்தார்கள். தமிழுக்கு நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வட்டாரத்திலிருந்து கப்பலேறிய கூலிக்காரன் யாரைக் கட்டினான், எப்போது கட்டினான் என்று குறித்து வைக்க ஓர் ஓலை நறுக்குகூட யாருக்கும் தோன்றவில்லை. ஏட்டில் ஏற வேண்டிய விஷயம் அது என்று யார் நினைத்தார்கள்?

அந்த அலட்சியத்தின் பலன் 1948-ல் தெரிந்தது. இலங்கை சுதந்திரம் பெற்ற அதே வருஷத்தில் பிரஜா உரிமைச் சட்டம் கொண்டு வந்து, தோட்டத் தொழிலாளிகளை நாடற்றவர்களாக்கினார்கள். 1949-ல் இன்னொரு சட்டம். இந்திய, பாகிஸ்தான் வாசிகள் விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்றார்கள். கருணையா? படித்துப் பாருங்கள். கல்யாணமானவராயிருந்தால் 1946 ஜனவரி 1-க்கு முன் ஏழு வருஷம், ஆகாதவராயிருந்தால் பத்து வருஷம், இடைவிடாமல் இலங்கையிலேயே குடியிருந்ததாக நிரூபிக்க வேண்டும். பெண்டாட்டியும் மைனர் பிள்ளைகளும்கூட இடைவிடாமல் அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

கல்யாணமானவனுக்கு மூன்று வருஷம் சலுகை என்றவுடன் கல்யாணத்துக்கு அத்தாட்சி வந்துவிட்டது! லயன் காம்பிராவில், மாரியம்மன் கோயில் வாசலில், கங்காணி முன்னிலையில் தாலி கட்டியவன் எந்த ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனான்? அவனைப் போகவிட்டதா தோட்டம்? பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் வழக்கம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் பிள்ளை பெற வந்த பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, தகப்பன் செத்தான் என்றோ பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் 'இடைவிடாத குடியிருப்பு' அறுந்து போயிற்று. தாய் வீடு போன குற்றத்துக்குக் குடும்பமே நாடற்றதாகியது. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பம் போட்டார்கள். கொடுத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1952-ல் சத்தியாக்கிரகம் செய்தார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போயிற்று. 1953-ல் அந்தத் துரைமாரும் சட்டம் சரிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தத் தொழிலாளி எங்கே இருந்தான் என்பது தோட்டத் துரைக்குத் தெரியாததல்ல. செக்ரோலில் நாள் தவறாமல் பேர் ஏறியிருந்தது. அரை நாள் வராவிட்டாலும் சம்பளத்தில் வெட்டியவன் அவன். வெட்டுவதற்குக் கணக்கு உண்டு. உரிமை கொடுக்க மட்டும் கணக்கு இல்லை!

பிறகு 1964-ல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 ஜனங்களை உட்கார வைத்து, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதியைப் பிற்பாடு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். 1974-ல் அந்த மீதி 1,50,000-ஐயும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுக் கிடையைப் பிரிக்கும்போதுகூடக் குட்டியைத் தாயோடு விடுவான் கீதாரி. இங்கே தகப்பனுக்கு ஒரு நாடு, கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு நாடு. இந்தியப் பங்கில் எழுதப்பட்டும் கப்பலேறாமல் நின்றவர்களில் எத்தனையோ பேர் 1983-க்குப் பின் படகேறி வந்தார்கள். ஒப்பந்தப்படி வந்திருந்தால் பிரஜை. அடிபட்டு ஓடி வந்ததால் கள்ளக் குடியேறி! 2019 ஜூன் மாதத்தில் இப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில், ஐகோர்ட் மதுரைக் கிளை அவர்களை மனுச் செய்யச் சொல்லி, சர்க்கார் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இலங்கையோ தன் பங்குக்கு 2003-ல் சட்டம் செய்து, அங்கே நாடற்றவர்களாக மிஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜா உரிமை கொடுத்தது. நாடற்றவர்களாக்கிய நாடு அந்த அளவுக்கு இறங்கி வந்தது.

எந்தச் சீமையிலும் இதே கேள்வி

இது இலங்கையோடு நின்றதென்று எண்ணாதீர்கள். 1913 மார்ச் மாதத்தில் தென்னாப்பிரிக்காவில் கேப் கோர்ட்டு நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். புருஷனோடு கப்பலில் வந்த ஓர் இந்தியப் பெண்ணைக் கரையிறங்கவிடாமல் தடுத்த வழக்கு. ஒருவன் பல பெண்களை மணக்க இடம் கொடுக்கிற மதத்தின்படி நடந்த கல்யாணத்தை இந்த நாட்டுச் சட்டம் கல்யாணமாக ஏற்காது என்றார். ஒரே தீர்ப்பில் அங்கிருந்த இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் மனைவியல்லாதவர்களாகிவிட்டார்கள்.

அந்தப் பெண்கள் அத்தாட்சி தேடி ஆபீஸ் ஆபீசாக அலையவில்லை. டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து தமிழ்ப் பெண்கள், கையில் குழந்தையோடு, எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போனார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், மூன்று பவுன் தலைவரிக்கு எதிராக வேலையை நிறுத்துங்கள் என்று ஒப்பந்தக் கூலிகளிடம் பேசினார்கள். சுரங்கம் நின்றது, கரும்புத் தோட்டம் நின்றது. தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய் கண்டு, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் செத்தாள். அந்த வருஷமே சட்டம் வந்தது. ஒரு மனைவி உள்ள கல்யாணங்களைச் செல்லும் என்று ஏற்றார்கள், தலைவரியையும் எடுத்தார்கள். கல்யாணத்தின் அத்தாட்சிக்கான போராட்டமும் கூலிக்கான போராட்டமும் ஒரே கூட்டத்தில் ஒரே வாயால் பேசப்பட்டன என்பதை மில் தொழிலாளித் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

பிரிட்டன் இன்னும் மோசம். 1979 ஜனவரியில், கல்யாணத்துக்காக லண்டன் விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரை, கன்னியா அல்லவா என்று உடம்பைச் சோதித்துப் பார்த்தார்கள். காகிதத்தை நம்பாமல் பெண்ணின் உடம்பையே அத்தாட்சியாக்கிய கயவர்கள்! பத்திரிகையில் வந்து உலகம் காறித் துப்பிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

அஸ்ஸாமில் 2019-ல் முடிந்த பிரஜைகள் பதிவேட்டில், கட்டிக்கொடுத்துப் போன பெண்கள் இன்னார் மகள் என்று காட்டப் பள்ளிச் சான்றும் இல்லை, பிறப்புச் சான்றும் இல்லை. லட்சக்கணக்கான பெண்கள் பஞ்சாயத்துச் செயலர் கொடுத்த சான்றைத்தான் நம்பியிருந்தார்கள். அது செல்லாது என்றது கௌஹாத்தி ஐகோர்ட்டு. சுப்ரீம் கோர்ட்டு 2017 டிசம்பரில் அதைத் துணை அத்தாட்சியாக ஏற்ற பிறகே மூச்சு வந்தது. பெண் புகுந்த வீட்டுக்குப் போனால் அவளுடைய காகிதம் பிறந்த வீட்டோடு அறுகிறது. இது அங்கே மட்டுமா?

டில்லி சர்க்காரின் இரண்டு தராசு

இப்போது நம் சட்டத்துக்கு வருவோம். 1955-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, இந்தியப் பிரஜையைக் கல்யாணம் செய்து ஏழு வருஷம் இங்கே குடியிருந்தவர் பிரஜையாகப் பதிய மனுச் செய்யலாம். கம்ப்யூட்டரில் மனுவைப் பதிந்து, அச்செடுத்து, கலெக்டரிடம் கொடுக்க வேண்டும், விசாரணை நடக்கும். கூடவே கேட்கும் முக்கியக் காகிதங்கள் நான்கு: செல்லத்தக்க வெளிநாட்டுப் பாஸ்போர்ட், செல்லத்தக்க குடியிருப்பு அனுமதி, கட்டியவர் இந்தியப் பிரஜை என்பதற்கு அத்தாட்சி, கல்யாணப் பதிவுச் சான்று. பின்னிரண்டை ஏழை எப்படியாவது அலைந்து தேடிவிடலாம். முதலிரண்டுக்கு உயிர் தப்பி வந்தவன் எங்கே போவான்?

அதற்கும் மேலே ஒரு பூட்டு. 2003-ம் வருஷத் திருத்தம், சரியான பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகுத்து, அவர்கள் இந்தப் பிரிவில் மனுச் செய்யவே முடியாது என்று அடைத்துவிட்டது. நாற்பது வருஷமாகக் கியூ பிராஞ்ச் போலீஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தலை எண்ணுகிற ஒருவர், சட்டத்தின் கண்ணுக்கு நேற்று இரவு வேலி தாண்டியவர்! 2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டார்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டிப்பதில்லை என்று அதில் இருக்கிறது. சரி, தண்டனை இல்லை. உரிமை? அதைப்பற்றி அந்த உத்தரவில் ஒரு வரியும் இல்லை.

பிள்ளைகள் கதையைக் கேளுங்கள். நான் மேலே சொன்ன பருத்தி எடுக்கும் பெண்ணுக்கு மூத்தவன் 2003-ல் பிறந்தான், இளையவள் 2006-ல். தாயோ தகப்பனோ ஒருவர் இந்தியப் பிரஜையாக இருந்தால் போதும் என்ற விதி 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர்களுக்கு. அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. ஆக, சட்டத்தின் எழுத்துப்படி அண்ணன் பிரஜை, தங்கை பிரஜையல்ல. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே தொட்டில். தேதி மட்டும் வேறு. எந்தப் பஞ்சாங்கத்தில் ஐயா இந்தத் தோஷம் எழுதியிருக்கிறது?

"பாதுகாப்பு முக்கியம், காகிதம் இல்லாமல் எப்படி நம்புவது?" என்று டில்லிக்காரர்கள் கேட்கலாம். காகிதம் இல்லாமல் நம்ப அவர்களுக்கே தெரியும்! 2019-ல் திருத்தச் சட்டம் செய்தார்கள். 2014 டிசம்பர் 31 வரை பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்துவர்களைச் சட்டவிரோதக் குடியேறியாகக் கருத மாட்டோம் என்றார்கள். 2024 மார்ச்சில் விதிகள் வந்தன. காலாவதியான பாஸ்போர்ட் செல்லும். பள்ளிச் சான்று செல்லும். நிலப் பத்திரம் செல்லும். தகப்பனோ பாட்டனோ பூட்டனோ அந்த நாட்டுப் பிரஜை என்று காட்டும் ஏதாவது ஒரு காகிதம் இருந்தாலும் போதும்! அந்த அகதிகளுக்குக் கொடுத்ததில் எனக்குக் கடுகளவும் வருத்தமில்லை. ஓடி வந்தவனுக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும். அதில் முஸ்லிமை ஏன் விட்டாய் என்பது ஒரு கேள்வி. மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்தவன் இந்துவும் கிறிஸ்துவனும்தானே, அவனை ஏன் விட்டாய் என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் இதுவரை யோக்கியமான பதில் இல்லை.

பணக்கார மாப்பிள்ளைக்கு இன்னொரு தராசு. பாஸ்போர்ட்டோடு விமானத்தில் வந்திறங்கும் வெளிநாட்டு மருமகன், இந்தியப் பெண்ணைக் கட்டி, அதைப் பதிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தால், வெளிநாடு வாழ் இந்தியர் அட்டைக்கு மனுச் செய்யலாம். வாழ்நாள் முழுதும் வரலாம், போகலாம். லண்டன் மருமகனுக்கு இரண்டு வருஷம். குல்லூர்ச்சந்தை மருமகனுக்கு நாற்பது வருஷமும் போதவில்லை. கல்யாணம் புனிதம், குடும்பம் புனிதம் என்று மேடையில் முழங்குகிற கனவான்கள் இதைப்பற்றி வாயைத் திறக்கட்டும் பார்ப்போம்.

"உரிமைக்காகப் போலிக் கல்யாணம் செய்வார்களே!" இப்படியும் ஒரு வாதம். பத்து நாள் பழக்கத்தில் காகிதம் தயாரிக்கிறவன் எங்காவது இருக்கலாம். அவனிடம் எல்லாக் காகிதமும் சுத்தமாகவே இருக்கும், தரகர் தயாரித்துக் கொடுப்பார். மாட்டிக்கொள்வது உண்மையாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள்தான். முகாமில் வருகைப் பதிவேடு இருக்கிறது, உதவித்தொகைக் கணக்கு இருக்கிறது, யார் யாருடைய குடும்ப அட்டையில் எப்போது சேர்ந்தார் என்பது இருக்கிறது. இந்தத் தேசத்தில் எந்தக் கோடீஸ்வரனுடைய குடித்தனத்துக்கும் இவ்வளவு சர்க்கார் சாட்சி கிடையாது. அன்று செக்ரோல், இன்று முகாம் பதிவேடு. ஆளை அடைத்து வைக்கச் செல்லுகிற பதிவேடு, உரிமை கொடுக்கவும் செல்ல வேண்டும். நாம் கேட்பது இதுதான். முகாம் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஏற்றுக்கொள். சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரையை எடு. பிள்ளைகளை 2004 டிசம்பரின் இந்தப்புறம் அந்தப்புறம் என்று பிரிக்காதே.

சட்டத்தைப் பின்தேதியிட்டு மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு நமது ராஜ்யத்திலேயே உதாரணம் உண்டு. ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் நடந்த சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்று 1953-ல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரு நாளில் ஆட்டம் கண்டன. அண்ணாதுரை சர்க்கார் 1967-ல் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. இனி நடக்கப் போகிற கல்யாணங்களுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே நடந்துவிட்ட கல்யாணங்களுக்கும் சேர்த்துச் செல்லும் என்று எழுதினார்கள். பேனா முனை ஒன்றுதான் வேண்டியிருந்தது.

கையில் இருக்க வேண்டியவை

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. முகாமில் சம்பந்தம் செய்தவர்களும், செய்யப்போகிறவர்களும் இன்றைக்கே காகிதம் சேர்க்க வேண்டும்.

கல்யாணத்தை முதலில் பதியுங்கள். தமிழ்நாட்டின் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி எந்த மதத்தாரும் 90 நாளுக்குள் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிய வேண்டும்; தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். காலம் கடந்த பழைய கல்யாணம் என்றால், இந்துக்கள் 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி பதியலாம். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்துவர் என்றால் 1954-ம் வருஷத்துத் தனித் திருமணச் சட்டம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது அல்லது மாதாகோயில் பதிவு நகல், வயதுக்கும் விலாசத்துக்கும் சான்று, போட்டோக்கள், சாட்சிகள் வேண்டும். பத்திரிகை அடிக்காமல் கல்யாணம் செய்கிறவர்கள் நம்மில் உண்டு. ஐம்பது பிரதியாவது தேதியோடு அடித்துவிடுங்கள். மொய் நோட்டைச் சட்டம் கேட்பதில்லை, ஆனாலும் எறியாதீர்கள். தேதியும் இருநூறு பேருடைய கையிருப்பும் எழுதிய நோட்டு அது.

இந்தியப் பிரஜையாக உள்ளவருக்குப் பிறப்புச் சான்று வேண்டும். ஆதார் அட்டை பிரஜா உரிமைக்கு அத்தாட்சியல்ல என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஏமாறாதீர்கள். காட்டுவேலை செய்யும் நம் பெண்களில் வீட்டிலேயே பிறந்து பதியப்படாதவர்கள் அநேகம். தாமதமான பிறப்பைப் பதிய அதிகாரம் பெற்ற மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவை, பள்ளிக்கூட டி.சி. இருந்தால் அதற்கு உதவும். மூன்றாம் வகுப்போடு நின்றிருந்தாலும் சரி, போய் டி.சி. கேளுங்கள்.

பேர் விஷயத்தில்தான் நம் ஜனங்கள் அதிகம் மாட்டுகிறார்கள். கல்யாணத்துக்கு முன் தகப்பன் பேரின் முதலெழுத்து, பின் புருஷன் பேரின் முதலெழுத்து. ஒரு காகிதத்தில் மாரியாயி, இன்னொன்றில் மாரியம்மாள். முகாம் அட்டையில் இலங்கை வழக்கப்படி தகப்பன் பேர் முழுசாக முன்னால் நிற்கும். ரேஷன் கார்டில் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை மூன்றும் மூன்று மனிதர்கள்! இங்கிலீஷ் எழுத்துக்கூட்டு உட்பட எல்லாக் காகிதத்திலும் ஒரே பேர் இருக்கும்படி இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் தாய் பேரும் தகப்பன் பேரும் இரண்டும் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முன்பே எழுத்தைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள்.

முகாமில் உள்ளவர்கள் கரையிறங்கிய நாளில் கொடுத்த சீட்டு, மண்டபத்தில் பதிந்த காகிதம், பழைய குடும்ப அட்டைகள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகள், இலங்கையில் பிறந்ததற்கோ தகப்பன் பாட்டன் இந்திய வம்சாவளி என்பதற்கோ உள்ள துண்டுக் காகிதம் எதுவானாலும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள். கறையான் அரித்தால் சர்க்கார் பொறுப்பல்ல.

தரகரிடம் போகாதீர்கள். பாஸ்போர்ட் வாங்கித் தருகிறேன், பழைய தேதியில் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிறவன் உங்கள் பணத்தையும் வாங்குவான், உங்களை ஜெயிலுக்கும் அனுப்புவான். போலிக் காகிதம் ஒன்று நுழைந்தால் மற்ற உண்மைக் காகிதங்களும் போலியாகிவிடும்.

பாஸ்போர்ட் இல்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால், வாய்ப் பேச்சோடு திரும்பாதீர்கள். பாஸ்போர்ட் ஏன் இல்லை என்பதை மனுவிலேயே எழுதி, நகல்களை மட்டும் இணைத்து, அசலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கலெக்டர் ஆபீசில் முத்திரையும் தேதியும் போட்ட ரசீது வாங்குங்கள். நிராகரித்தால் எழுத்தில் நிராகரிக்கட்டும். 2019-ல் மதுரைக் கோர்ட்டுக்குப் போன 65 பேர் ஒன்றாகத்தான் போனார்கள். குல்லூர்ச்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் நம் ஊர்ப் பெண்ணைக் கட்டியவர்கள், நம் ஊருக்குப் பெண் கொடுத்தவர்கள் எத்தனை குடும்பம் என்று முதலில் ஒரு நோட்டில் எழுதுவோம். தனித்தனியாகக் கூலியைத் தொலைத்து அலைவதை விட, ஒரே நாளில் எல்லோரும் மனுவோடு விருதுநகர் போவது நல்லது.